நாச்சிமுத்து அண்ணன் வடிக்காத விஸ்கி

செய்தி எனக்கு அலுவலகத் தொலைபேசியில் வந்தது. பேசியது நாச்சிமுத்து அண்ணனின் மகள் வித்யா. மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததில்லை. ஆகவே அவள் தன் பெயரைச் சொன்னதுமே என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது.

"அங்கிள், அப்பா பாஸ்ட் அவே. இன்னிக்குக் காலைல. ஹார்ட் அட்டாக்."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, அதற்காகவே அழைத்தவள்போல, சனிக்கிழமை நடக்கும் அஞ்சலி சர்வீஸில் நான் எழுதிய கட்டுரையைத் தான் வாசிக்கப்போவதாகச் சொன்னாள். "உங்க பேரோட வாசிப்பேன். ஓகேதானே அங்கிள்?"

நான் ஓகே என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அவள் குறிப்பிட்ட கட்டுரை நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த இதழில்தான் 1995ஆம் ஆண்டு கோடையில் வெளியானது. கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த நாச்சிமுத்து என்ற வேதியியலாளர், சான் ஹோசேயின் தெற்கு ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டு, அமெரிக்க மக்காச்சோள விஸ்கியைத் தம் கையாலேயே வடிக்கிறார் என்பது அதன் சாரம். அது உண்மை அல்ல. அஞ்சலியை இப்படித் தொடங்குவது முறையா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

அவரை நான் முதலில் பார்த்தது 1992இல், குபெர்டினோவில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விருந்தில். நம் விருந்துகளின் ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்குள் கேக், குழந்தைகள், பெண்கள், பாட்டு. கராஜில் ஆண்கள், மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டி. புட்டி துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் இருக்கும். உள்ளிருந்து யாராவது கதவைத் திறந்தால் எல்லார் கையிலும் இருப்பது ஆப்பிள் ஜூஸ்.

அன்றைக்கு ஒரு நண்பர் ஊரிலிருந்து கொண்டுவந்த இந்திய விஸ்கியைப் பெருமையோடு திறந்தார். மூலையில் அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்துவந்து, சில சொட்டுகளை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு சும்மா நின்றார். மோந்து பார்க்கவில்லை.

"என்னண்ணே, சென்ட்டா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஈரக் கை சொல்றத நம்பக் கூடாதுங்க. காயட்டும்" என்றார் அவர்.

கை காய்ந்த பிறகு முகத்தருகே கொண்டுபோனார். "கரும்புங்க. சர்க்கரை எடுத்தது போக மிஞ்சற பாகுல வடிச்சது. தானியம் பேருக்குக்கூட இல்லீங்க."

புட்டிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. லேபிளில் விஸ்கி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே என்றார்.

"லேபிள நாங்கதானுங்க ஒட்டுவோம்" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

அவர் ஈரோட்டுப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் சாராய வடிப்பகத்தில் வேதியியலாளராக இருந்தவர். கரும்புப் பாகிலிருந்து வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்து விஸ்கி என்று அனுப்புவது அங்கே அன்றாட வேலை. அந்த வேலை தம் மனத்தை அரித்ததாக அன்று அவர் சொன்னார். தான் செய்த பொருளைத் தானே பொய் என்று சொல்லும் மனிதரை ஒரு செய்தியாளனால் விரும்பாமல் இருக்க முடியாது. அன்று மாலையே நாங்கள் நண்பர்களாகிவிட்டோம்.

அப்போது அவர் மில்பிடாஸில் ஒரு கணினிச் சிப் தொழிற்சாலையில், கழுவும் அமிலங்களின் தூய்மையைச் சோதிக்கும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் நடக்கப் போவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் அவருக்கு மக்காச்சோள விஸ்கியில்தான் முடியும். இந்த நாட்டில் அந்தப் பெயரைப் போட வேண்டுமென்றால் தானியத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு மக்காச்சோளமாக இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்று வியந்து வியந்து சொல்வார். போர்பன் என்ற இன்னொரு அமெரிக்க விஸ்கிக்கு ஆகும் உள்ளே கருக்கிய புதுப் பீப்பாய் இதற்கு ஆகாது. பழைய பீப்பாயில் வைக்கலாம், வைக்காமல் தெளிந்த நீர்போல அப்படியே புட்டியிலும் அடைக்கலாம். கென்டக்கியிலும் அதைச் சுற்றிய மலைப்பகுதிகளிலும் உழவர்கள் மூட்டையாகச் சுமந்து விற்க முடியாத மக்காச்சோளத்தைச் சாராயமாக்கி இறக்கினார்கள், அங்கே தொடங்கியது இது என்பார். இன்றைக்குக் கடைகளில் பெயர்கள் ஏராளம், வடிக்கிறவர்கள் ஒரு சிலர்தான் என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். "பேரு ஒருத்தனுது, அடுப்பு இன்னொருத்தனுதுங்க. பாதி அமெரிக்கா அப்படித்தான் குடிக்குது" என்றார். அதை அவர் ஏளனமாகச் சொன்னார். இதை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்.

1995இல் அவர் வேலையை விட்டார். கொட்டகை எழுந்தது. உரிமம் வந்தது. ஒரு ஞாயிறு காலை என்னை வரச்சொன்னார்.

நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். சுவரோரம் மக்காச்சோள மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவர் ஒரு மூட்டையின் முனையைக் கிழித்து, ஒரு கை அள்ளி என் முன்னால் நீட்டினார். நடுவில் செம்பினாலான வடிகலன், இடுப்புயரம், பளபளப்பாக இருந்தது. அடியில் நெருப்பு எரிந்தது. குழாயின் நுனியிலிருந்து தெளிந்த திரவம் நூல்போல ஒரு கண்ணாடிக் குடுவையில் இறங்கியது. என் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டார். தேய்த்தேன். காயும்வரை காத்திருந்தேன். அடுப்பில் சுட்ட சோளக்கதிரின் வாசனை வந்தது.

அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். "மாவு வேகும்போது சத்தம் மாறுமுங்க. அந்தச் சத்தத்தக் கேக்கத் தெரியாதவன் வடிக்கற வேலைக்கு வரக் கூடாது." இன்னொன்று: "மழ நெம்பப் பேஞ்ச வருசத்துச் சோளம் சோம்பேறிங்க. அத ஏமாத்தித்தான் வேல வாங்கோணும்." இரண்டும் கட்டுரையில் பெரிய எழுத்தில் தனியாகக் கட்டம் கட்டி வந்தன. உங்களில் சிலர் அவற்றை விருந்துகளில் அவரிடமே திருப்பிச் சொல்லி மகிழ்ந்ததைக் கேட்டிருக்கிறேன். கிளம்பும்போது எனக்கு ஒரு புட்டி கொடுத்தார். லேபிள் இன்னும் அச்சாகி வரவில்லை, வெறும் புட்டிதான் என்றார்.

கட்டுரை வந்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த விஸ்கி இல்லாத கராஜ் இல்லை என்றாயிற்று. சேலைகளுக்கு நடுவில் சுற்றி ஊருக்குக் கொண்டுபோனார்கள். சங்கத்துப் பொங்கல் விழாவில் அவரை மேடைக்கு அழைக்க முடிவானது. குழந்தைகள் இருக்கும் அரங்கில் சாராயம் என்று எப்படிச் சொல்வது என்று குழுவினர் யோசித்து, "தானிய விஞ்ஞானி" என்று அறிமுகப்படுத்தினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் தானியங்களில் உள்ள மாவுச்சத்து பற்றி அரை மணி நேரம் பேசினார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மையார் கூட்டம் முடிந்ததும் அவரிடம் சென்று, சர்க்கரை நோய்க்கு எந்தத் தானியம் நல்லது என்று கேட்டார். நானும் அவரும் வண்டிக்கு நடக்கும் வழியெல்லாம் சிரித்தோம். அதுதான் நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசி நாள் என்று நினைக்கிறேன்.

1997 இலையுதிர் காலத்தில் நான் வேலை பார்க்கும் ஆங்கில நாளிதழ் என்னைக் கென்டக்கிக்கு அனுப்பியது. கடைகளில் இத்தனை விஸ்கிப் பெயர்கள் இருக்க, வடிப்பவர்கள் ஏன் இத்தனை குறைவு என்பதுதான் நான் எழுத வேண்டிய செய்தி. அந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் நாச்சிமுத்து அண்ணன். அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். எந்த ஊருக்குப் போகிறேன் என்று அவர் இரண்டு முறை கேட்டார். எந்த ஊர் என்று அப்போது எனக்கே தெரியாது.

ஆற்றங்கரையில் இருந்த பெரிய வடிப்பகம் ஒன்றுக்குப் போனேன். பெயரை எழுதத் தேவையில்லை. அங்கே எனக்கு முதலில் கிடைத்தது வாசனை. கட்டடம் கண்ணில் படுவதற்கு முன்பே, வண்டியின் கண்ணாடியை ஏற்றியிருந்தும், புளித்த கஞ்சியின் வாசனை உள்ளே வந்துவிட்டது. வாசலில் உழவர்களின் டாங்கர் வண்டிகள் வரிசையாக நின்றன. வடித்து முடிந்த பிறகு மிஞ்சும் சூடான கூழை மாட்டுத் தீவனமாக அள்ளிக்கொண்டு போக வந்தவை. ஒரு புட்டி விஸ்கிக்கு அதைப்போலப் பல மடங்கு கூழ் மிஞ்சும் என்றார்கள். அதை நாள்தோறும் அப்புறப்படுத்தாவிட்டால் வடிப்பகமே நாறிப்போகும் என்றார்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டே, சான் ஹோசே கொட்டகையில் அந்த வாசனை இருந்ததா என்று நினைத்துப் பார்த்தேன். இல்லை. அந்தத் தெருவில் தீவனம் அள்ள வந்த ஒரு வண்டியையும் யாரும் பார்த்ததில்லை.

எனக்குச் சுற்றிக்காட்டியவர் ஏர்ல் என்ற முதிய ஷிப்ட் மேற்பார்வையாளர். மாவு வேகும் பெரிய தொட்டியருகே நின்று, சத்தம் மாறுவதைக் கேட்கச் சொன்னார். அதைக் கேட்கத் தெரியாத ஆள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். சிறிது தூரம் போய், இந்த ஆண்டு மழை அதிகம், மக்காச்சோளம் சோம்பேறியாக இருக்கிறது, ஏமாற்றித்தான் வேலை வாங்க வேண்டியிருக்கிறது என்றார். பேனாவை எடுத்தேன், எழுதவில்லை. அந்த வாக்கியங்களை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருந்தேன்.

எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. உங்கள் ஊருக்குப் பீப்பாய் பீப்பாயாக அனுப்புகிறோமே என்றார். வாங்குகிறவர் உங்கள் நாட்டுக்காரர், மிஸ்டர் முத்து, தங்கமான மனிதர், மாதம் தவறாமல் கூப்பிட்டு மக்காச்சோளம் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார், இந்தத் தொழிலை இவ்வளவு ஆசையாகக் கேட்டவர் வேறு யாருமில்லை என்றார். பிறகு ஒரு குழாயைத் திறந்து என் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டார். தேய்த்துவிட்டுக் காயும்வரை இருவரும் நின்றோம். சுட்ட சோளக்கதிர்.

ஊர் திரும்பியதும் மில்பிடாஸ் கடையில் ஒரு புட்டி வாங்கி, முதல்முறையாக அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்புற லேபிளில் பொடி எழுத்தில் "கென்டக்கியில் வடிக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் இருந்தது. வேறு மாநிலத்தில் வடித்ததென்றால் அதைச் சொல்ல வேண்டும் என்பது விதி. வாங்கி அடைத்து விற்பது குற்றமும் அல்ல. அவர் அரசாங்கத்திடம் பொய் சொல்லவில்லை. கடைக்காரரிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார். அந்தப் பொய் புட்டியில் எங்கும் இல்லை, என் கட்டுரையில் மட்டும் இருந்தது. கராஜில் ஊற்றிக் குடிக்கிற நாம் யாரும் புட்டியைத் திருப்பிப் பார்ப்பவர்கள் அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் கொட்டகைக்குப் போனேன். அந்த மூட்டைகள் அதே சுவரோரம் அதே அடுக்கில் இருந்தன. என் முன்னால் கிழித்த மூட்டையின் முனை அப்படியே முறுக்கி வைத்திருந்தது. பிரித்தேன். வண்டு விழுந்திருந்தது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வடிச்சு மிஞ்சற கூழையெல்லாம் எங்கண்ணே கொட்டறீங்க?"

அவர் உட்கார்ந்தார். மூட்டையின் முனையை மறுபடி முறுக்கினார். பிறகு சொன்னார். "ரண்டு தடவ முயற்சி பண்ணனுங்க. பாகுல சர்க்கரை தானா இருக்குது. சோளத்துல நாமதான் வர வெக்கோணும். ஒரு தடவ அடிப்பிடிச்சுப் போச்சு, ஒரு தடவ புளிச்சே போச்சு. சரி, கைக்கு வர்ற வரைக்கும் வாங்கி அடைக்கலாம்னு..."

"அன்னிக்கு நான் பாத்தது?"

"வாங்குனதத்தானுங்க ஊத்திச் சூடு பண்ணுனேன். நீங்க வர்றீங்கன்னு."

எனக்காக அன்று காலை அந்த அடுப்பை மூட்டியிருக்கிறார். வடித்து வந்ததையே மறுபடி கலத்தில் ஊற்றி, நான் பார்ப்பதற்காக அதை நூல்போல இறங்கவிட்டிருக்கிறார். நண்பனாகப் போனேன் என்று நினைத்திருந்தேன். அவர் எனக்கு ஒரு காட்சி தயார் செய்து வைத்திருந்தார்.

ஏன் என்னிடம் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்னும் எனக்குள் ஆறவில்லை. "நீங்க எழுதிப்போட்டீங்க. ஊரே பேசுச்சு. அப்பறம் எப்படீங்க நிறுத்தறது?" குற்றம் அப்படியே இடம் மாறி என் மடியில் வந்து உட்கார்ந்தது.

நான் கோபமாகப் பேசவில்லை. பொங்கல் விழா வருகிறது, மேடையில் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் எழுதித் திருத்துவதைவிட அது உங்களுக்குக் கௌரவம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்றனுங்க என்றார். நம்பினேன்.

1998 பொங்கலுக்கு நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மைக்கின் முன் வந்ததும் என்னைத் தேடிப் பார்த்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தன் பயணத்தைப் பற்றிப் பேசினார். கரும்புப் பாகிலிருந்து மக்காச்சோளத்துக்கு வந்த கதையைச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவர் விளையாட்டாக, "எல்லாம் நீங்களே வடிக்கறதுதானா, நம்பலாமா?" என்று குரல் கொடுத்தார். சிரிப்பு எழுந்தது. இப்போது சொல்லிவிடுவார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் என்னை நோக்கிக் கையை நீட்டினார். "சந்தேகம் இருந்தா ரிப்போர்ட்டர் சாரைக் கேளுங்க. கண்ணால பாத்தவரு அவருதானுங்க."

அரங்கம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. சிலர் எழுந்து நின்றார்கள். அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பியிருந்த அந்த நேரத்தில் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதை அவர் சரியாகக் கணக்கிட்டிருந்தார். அவரது மனைவி ருக்மணி அக்காவும் வித்யாவும் முன்வரிசையில் இருந்தார்கள்.

அடுத்த இதழில் நான்கு வாக்கியங்களில் ஒரு திருத்தம் எழுதினேன். அதன் விளைவும் உங்களுக்குத் தெரியும். எனக்குப் பொறாமை என்றார்கள். நம்மவர் ஒருவர் முன்னேறினால் காலை வாருகிற புத்தி என்றார்கள். இரண்டு வீடுகளில் விருந்துக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். புட்டியைத் திருப்பிப் பாருங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். அவரோ அந்தத் திருத்தம் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், விடுங்க, அவரு நல்லவருதான் என்பாராம். அந்தப் பெருந்தன்மை அவருக்குக் கூடுதல் பெயரை வாங்கிக் கொடுத்தது. அதன்பின் நாங்கள் பேசவில்லை.

வித்யா அழைத்ததற்கு மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ருக்மணி அக்கா என்னைப் பார்த்ததும் அழுதார். "அவரு உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசுனதில்லீங்க தம்பி" என்றார். அது உண்மைதான். ஒரு வார்த்தை சரியாகவும் பேசியதில்லை.

வித்யாவைத் தனியாக அழைத்து, அந்தக் கட்டுரை தவறானது, அதை என் பெயரோடு வாசிக்கக் கூடாது என்றேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்து, மெதுவாக, சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"அங்கிள், எனக்குத் தெரியும்" என்றாள். "ஹைஸ்கூல்ல இருந்தே தெரியும். பின்னாடி லேபிள் ஒட்டினதே நான்தான். சம்மர் ஜாப்."

அப்படியானால் ஏன் வாசிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அதுல இருக்கற அப்பா ஹாப்பியா இருக்காரு. வீட்ல அவரு அப்படி இருந்ததே இல்ல. எனக்கு அந்த அப்பா வேணும். ஜஸ்ட் ஒன் டே."

அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. ஆனால் முப்பது ஆண்டுக் காலம் நான் சேர்த்ததெல்லாம் அந்தப் பெயர் ஒன்றுதான். அதை ஒரு பொய்க்குச் சாட்சியாக ஏற்கெனவே ஒருமுறை கூட்டத்தின் முன் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கட்டுரையை அவள் வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் திருத்தத்தின் நான்கு வாக்கியங்களையும் வாசித்துவிட வேண்டும். எந்த விளக்கமும் வேண்டாம். "ப்ராமிஸ் அங்கிள்" என்றாள். திருத்தத்தை நகலெடுத்து அவளிடம் கொடுத்தேன். கட்டுரையின் பின்னால் அதை வைத்து ஊசி குத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அவள் நன்றாக வாசித்தாள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பாள். அன்று எங்கும் தடுக்கவில்லை. செம்பு வடிகலன் வந்தது. மாவின் சத்தம் வந்தது. சோம்பேறிச் சோளம் வந்தபோது அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். கடைசி வரிக்குப் பிறகு என் பெயரைச் சொன்னாள். தாளைப் புரட்டினாள். பின்னால் இருந்த நகல் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் அப்பா மேடையிலிருந்து பார்த்த அதே பார்வை. தாள்களை ஒன்றாக மடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வெளியே வந்தபோது என்னைப் பொறாமைக்காரன் என்று சொன்ன ஒருவர் என் தோளைத் தட்டி, "கடைசில நீங்களும் மனசு மாறிட்டீங்க பாருங்க, அது பெருசு" என்றார்.

அந்த நான்கு வாக்கியங்கள் வேறு எங்கும் வாசிக்கப்படப்போவதில்லை என்பதால் இங்கே மறுபடி அச்சிடுகிறேன். "இவ்விதழில் 1995 கோடையில் வெளிவந்த கட்டுரையில், திரு. நாச்சிமுத்து மக்காச்சோள விஸ்கியைத் தாமே வடிப்பதாக எழுதியிருந்தேன். அது பிழை. அந்த விஸ்கி கென்டக்கியில் வடிக்கப்பட்டு சான் ஹோசேயில் புட்டிகளில் அடைக்கப்படுகிறது. புட்டியின் பின்புற லேபிளில் இது அச்சிடப்பட்டுள்ளது."

அவர் இறந்ததை ஏர்லிடம் சொல்ல வேறு யாரும் இல்லை என்று தோன்றியதால் திங்கட்கிழமை கென்டக்கிக்கு நானே பேசினேன். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்தார். வீட்டு எண்ணைத் தேடிக் கொடுத்தார்கள். மிஸ்டர் முத்து போய்விட்டாரா என்று கேட்டார். அவருடைய இரண்டு வாக்கியங்களை நான் வேறொருவர் பெயரில் அச்சிட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். அவையெல்லாம் தன் மேலதிகாரியிடமிருந்து தான் எடுத்தவை, போகட்டும் என்றார்.

உள்ளங்கையில் தேய்த்துக் காயும்வரை காத்திருப்பதும் உங்கள் மேலதிகாரி சொன்னதா என்று கேட்டேன்.

இல்லை என்றார் ஏர்ல். அங்கே எல்லோரும் தேய்த்ததும் மோந்து பார்ப்பவர்கள்தானாம். காய விடு, ஈரக் கையை நம்பாதே என்று தொலைபேசியில் தனக்குச் சொன்னவர் மிஸ்டர் முத்துதானாம். சர்க்கரை ஆலையில் கற்றது என்றாராம். தன்னிடம் வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அதைக் கற்றுக்கொடுத்ததாகவும், ஒரு இந்தியர் சொன்னது என்று சேர்த்தே சொன்னதாகவும் ஏர்ல் சொன்னார்.

கொட்டகையில் அன்று அவர் எனக்குக் கொடுத்த லேபிள் இல்லாத புட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. தொலைபேசியை வைத்ததும் அதை எடுத்து, கொஞ்சம் கையில் விட்டுத் தேய்த்தேன். காய்ந்த பிறகு அதே சுட்ட கதிர் வாசனைதான். நல்ல விஸ்கி. எந்தத் தானியம் என்று கை சொன்னது. யார் வடித்தது என்று அது எப்போதும் சொன்னதில்லை.

நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுத வேண்டும் என்று ருக்மணி அக்கா எதிர்பார்க்கக்கூடும். நடக்காததை அவரைப் பற்றி இன்னொருமுறை எழுத மாட்டேன். அவர் சொன்னதாக நான் எழுதிய மற்ற இரண்டும் கென்டக்கிக்குத் திரும்பிப் போகட்டும். ஈரக் கையை நம்பாதே என்ற மூன்றாவது அவருடையது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவரைப் பற்றி முடிவு சொல்ல, அவர் சொன்னபடியே காத்திருக்கவும் செய்கிறேன். என் கை இன்னும் காயவில்லை.